மைசூருப் பட்டறைக்கு எந்த கேட் மென்பொருள்?

கணினியில் வரைந்த டிராயிங் எதுவும் வரைந்தவரின் மேசையிலேயே தங்கிவிடுவதில்லை. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலோ ஹூட்டகள்ளியிலோ ஒரு சிறு பட்டறையில் வரைந்த பிராக்கெட், லேசர் கட்டிங் கடைக்குப் போகும். சி.என்.சி மெஷின் வைத்திருப்பவரிடம் போகும். ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின் பொறியாளரிடம் அளவு சரிபார்க்கத் திரும்பிப் போகும். 30க்கு 40 அடி மனையில் எழும் வீட்டின் பிளான் மேஸ்திரியிடமும், மாநகராட்சி அனுமதிக்கும், வங்கிக் கடனுக்கும் போகும். சர்க்யூட் போர்டின் டிராயிங் போர்டு செய்யும் ஆலைக்குப் போகும். ஆகவே கணினியில் வரைவதற்கான கேட் (CAD) மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, கோப்பு யாரிடம் போகிறது, அவர் எந்த வடிவத்தில் அதைத் திறப்பார் என்பதுதான். கணினி எவ்வளவு புதியது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது பல பட்டறைகளில் ஒரே நேரத்தில் எழக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். பழைய பெட்டி ஓரத்துக்குப் போகிறது, புதுக் கணினி வருகிறது. வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, எங்கிருந்தோ கிடைத்துப் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோகேட் 2007ஐ அதில் ஏற்றிப் பார்ப்பது. அது ஏறாது. அந்தப் பதிப்பு 32 பிட் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. 64 பிட் விண்டோஸில் அதன் நிறுவியே மறுத்துவிடும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

புதிய பதிப்பின் திருட்டு நகலைத் தேடிப் போகும் பாதை இன்னும் மோசமானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கூலிக்கு வரையும் பட்டறைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. கிராக் கோப்புகளோடு சேர்ந்து வரும் வைரஸ் தனி ஆபத்து. பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவரின் கணினியில் அடுத்தவர் வடிவமைத்த பாகங்களின் டிராயிங்கும் இருக்கும் என்பதால், வைரஸால் பறிபோவது அவருடைய சொத்து மட்டுமாக இருக்காது.

சட்டப்படி காசில்லாமல் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று திறமூல மென்பொருள்: மூலநிரல் வெளிப்படையாக இருக்கும், யாரும் எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், கூலிக்கு வரையவும் தடையில்லை. மற்றொன்று, ஒரு நிறுவனம் தன் விலையுள்ள பொருளின் ஒரு பகுதியை நிபந்தனைகளோடு காசில்லாமல் தருவது. இரண்டாம் வகையில் பல நல்ல கருவிகள் உண்டு. ஆனால் நிபந்தனையை மாற்றும் உரிமை முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அந்த உரிமை பலமுறை பயன்படுத்தப்பட்டும் இருக்கிறது. தஸ்ஸோ நிறுவனத்தின் டிராஃப்ட்சைட், ஆட்டோகேடுக்கு மாற்றாக உலகம் முழுவதும் காசில்லாமல் ஓடியது. 2019இல் அது விலைக்கு மாறியது. ஏற்கெனவே நிறுவியிருந்த பழைய காசில்லாப் பதிப்புகளும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குப் பிறகு ஓடவில்லை. வீட்டு வடிவமைப்பாளர்கள் விரும்பிய ஸ்கெட்ச்அப் மேக் 2017 பதிப்போடு நின்று, காசில்லாமல் வேண்டுமென்றால் பிரவுசரில் மட்டும் என்றானது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான காசில்லா உரிமத்தை 2020இல் இறுக்கியது: திருத்தக்கூடிய நிலையில் பத்து கோப்புகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றானது, சில ஏற்றுமதி வசதிகள் போயின. முப்பரிமாண மாடலைப் பிற மென்பொருள்களுக்குக் கொடுக்க உதவும் ஸ்டெப் வடிவ ஏற்றுமதியையும் எடுக்கவிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

திறமூலத்தில் இதற்கு எதிரான நிகழ்வு ஒன்றும் அண்மையில் நடந்தது. முப்பரிமாணத்தில் வரையும் ஃப்ரீகேட் மென்பொருளை முன்னிறுத்தித் தொழில் நடத்த ஆன்ட்செல் என்ற நிறுவனம் தோன்றியது. வருமானம் கைகொடுக்காமல் 2024 இறுதியில் கடையை மூடியது. ஆனால் அவர்கள் செய்து கொடுத்த அசெம்பிளி வசதி ஃப்ரீகேடின் மூலநிரலுக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஃப்ரீகேட் 1.0இல் அது எல்லோருக்கும் கிடைத்தது. நிறுவனம் மறைந்தாலும் உழைப்பு மறையவில்லை. தொழிலுக்கு அடித்தளமாக ஒரு கருவியைத் தேடுபவர் இந்த வேறுபாட்டை முதலில் எடைபோட வேண்டும், மெனு அழகை அப்புறம் பார்க்கலாம்.

நிபந்தனைகளில் இன்னொன்று மைசூர் போன்ற ஊரில் நேரடியாக உறுத்தும். பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப் உண்மையில் திறமையான கருவி. எந்தக் கணினியிலும் ஓடும், நிறுவவே வேண்டாம். ஆனால் அதன் காசில்லாத் திட்டத்தில் வரைவதெல்லாம் பொதுவெளியில் யாரும் பார்க்கும்படி இருக்கும், வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதி இல்லை. இந்த ஊரின் சிறு பட்டறைகளில் பல, பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து பிழைப்பவை. பி.இ.எம்.எல், ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் போன்ற ஆலைகள் இருக்கும் ஊர் இது. வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்கைப் பொதுவெளியில் ஏற்றினால், ரகசியம் காப்பதாகப் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? கற்றுக்கொள்ளவும் சொந்தப் பொழுதுபோக்குக்கும் ஆன்ஷேப் நல்லது. அடுத்தவர் பாகத்துக்கு வேண்டாம்.

மாணவர்களின் நிலை வேறு. 1946இல் தொடங்கிய தேசியப் பொறியியல் கல்லூரி முதல் இன்றைய தனியார் கல்லூரிகள் வரை மைசூரில் பொறியியல் படிப்பவர்கள் ஏராளம். ஆட்டோகேட், ஃப்யூஷன் போன்றவற்றின் கல்வி உரிமம் அவர்களுக்கு ஓராண்டுக்குக் காசில்லாமல் கிடைக்கும், மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். பாடத்துக்கு அதைப் பயன்படுத்துவது சரியே. படிப்பு முடிந்து பட்டறை தொடங்கும் நாளில் அந்த உரிமம் கூட வராது என்பதால், கூடவே ஒரு திறமூலக் கருவியிலும் கை பழகியிருப்பது நல்லது.

இனி கணினி. கேட் வேலைக்கு விளையாட்டுக் கணினி போல விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்ற எண்ணம் கடைக்காரர்களிடமும் வாங்குபவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. பட்டறை வேலையில் அது பெரும்பாலும் வீண்செலவு. ஒரு பாகத்தின் அளவை மாற்றியதும் அதன் வடிவத்தை மறுபடி கணக்கிடுவது செயலிதான், அதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு கோர். ஒவ்வொரு செயலும் முந்தைய செயலின் விளைவின்மேல் நிற்பதால் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட முடிவதில்லை. பதினாறு கோர் கொண்ட மெதுவான செயலியைவிட, ஒற்றைக் கோர் வேகம் கூடிய ஆறு கோர் செயலி இங்கே முந்தும். 16 ஜி.பி நினைவகமும் எஸ்.எஸ்.டியும் இருந்தால் சிறு அசெம்பிளிகள் வரை தாராளம். செயலிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். தனி கார்டும் இருக்கும் மடிக்கணினியில், விண்டோஸ் மின்சாரம் சேமிக்க அந்தக் கார்டைத் தூங்கவிட்டிருக்கலாம். மாடலைத் திருப்பும்போது திரை திக்கினால், கிராஃபிக்ஸ் அமைப்பில் போய் இந்த நிரலுக்குத் தனி கார்டையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

புதிய கணினியில் கவனிக்க வேண்டியது செயலியின் வகை. ஸ்னாப்டிராகன் செயலியுள்ள விண்டோஸ் மடிக்கணினிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பேட்டரி நீண்ட நேரம் நிற்கும் என்பதால் வாங்கத் தோன்றும். கேட் மென்பொருள்களில் பல இன்டெல், ஏ.எம்.டி செயலிகளுக்காகவே தொகுக்கப்பட்டவை. இந்த மடிக்கணினிகளில் அவை மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியே ஓடும், வேகம் குறையும், கிராஃபிக்ஸில் கோளாறும் வரலாம். கேட் வேலைக்கென்றே வாங்குபவர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி செயலியிலேயே நிற்பது நல்லது. ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகளில் இந்தக் கவலை குறைவு. 2020இல் அவை வந்ததிலிருந்து ஃப்ரீகேட், மின்னணு வேலைக்கான கிகேட், முப்பரிமாண மாடலிங்குக்கான பிளெண்டர் ஆகியவற்றுக்கு நேரடிப் பதிப்புகள் வந்துவிட்டன.

இருபரிமாண டிராயிங் மட்டும் போதும் என்பவருக்கு லிப்ரேகேட் பொருத்தமானது. கியூகேட் மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து 2010ஐ ஒட்டிக் கிளைத்தது அது. பதிவிறக்கம் சிறியது, பழைய ஆட்டோகேடில் பழகிய கைக்குச் சீக்கிரம் பிடிபடும், லேயர்களும் உண்டு. கியூகேட் இன்றும் தனியே தொடர்கிறது. அதன் நிறுவியில் விலையுள்ள தொழில்முறைப் பதிப்பின் சோதனை வசதியும் சேர்ந்தே வரும். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது திறமூலச் சமூகப் பதிப்பு.

இருபரிமாணத்தில் பெரிய தொல்லை, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் சேமிக்கும் டி.டபிள்யூ.ஜி வடிவம். ஆட்டோடெஸ்க் அதன் உள்ளமைப்பை வெளியிடுவதில்லை. 1998இல் உருவான ஓப்பன் டிசைன் அலையன்ஸ் அதை அவிழ்த்துப் படிக்கும் கருவிகளைச் செய்கிறது. அதன் மாற்றி நிரல் ஒன்றைக் காசில்லாமல் பதிவிறக்கலாம். வருகிற டி.டபிள்யூ.ஜி கோப்பை அதில், பல மென்பொருள்கள் படிக்கும் டி.எக்ஸ்.எஃப் வடிவுக்கு மாற்றிவிட்டு லிப்ரேகேடிலோ ஃப்ரீகேடிலோ திறப்பதே நம்பகமான வழி. லிப்ரேகேட் சில டி.டபிள்யூ.ஜி கோப்புகளை நேரடியாகத் திறக்கும் என்றாலும் எல்லாவற்றையும் அல்ல, அந்த வடிவில் சேமிக்கவும் செய்யாது.

லேசர் கட்டிங் கடைக்குக் கொடுக்கும்போது டி.எக்ஸ்.எஃபின் பழைய ஆர்12 வடிவம் கிட்டத்தட்ட எல்லா மெஷின்களிலும் திறக்கும். அதில் ஒரு பொறி உண்டு. ஆர்12 கோப்புக்குள் அலகு எழுதப்படுவதில்லை. வரைந்தவர் 100 மில்லிமீட்டர் என்று நினைத்தது, மறுமுனையில் 100 அங்குலமாகத் திறக்கலாம். தகடு வெட்டுவதற்கு முன் ஒரு பக்கத்தின் அளவையாவது வாயால் சொல்லியோ பி.டி.எஃப் அனுப்பியோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். வளைவுகள் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மூடிய கோடாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் ஒவ்வொரு துண்டுக்கும் தகட்டைப் புதிதாகத் துளைக்கும்.

முப்பரிமாணத்துக்கு வந்தால் பேச்சு ஃப்ரீகேடைச் சுற்றித்தான். 2002இல் தொடங்கிய இந்த மென்பொருள் 1.0 என்ற எண்ணைத் தொட 22 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்வளவு தாமதத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தெரிந்துகொள்ளத்தக்கது. ஒரு கட்டையின் மேற்பரப்பில் துளை போட்டால், மென்பொருள் அந்தப் பரப்பை ஆறாம் பரப்பு என்பதுபோல ஓர் எண்ணால் நினைவில் வைக்கும். பிறகு கட்டையின் அடிப்படை வரைவில் ஒரு மூலையைக் கூட்டினால் பரப்புகளின் எண்கள் மாறிவிடும். துளை வேறு பக்கத்துக்குத் தாவும், அல்லது மாடலே உடையும். பழைய பதிப்புகளில் இதனால் வெறுத்துப்போய் விட்டவர்கள் பலர். 1.0இல் இந்தக் குறையின் பெரும்பகுதி தீர்க்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஃப்ரீகேடைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கியவர் இன்னொரு முறை பார்ப்பது நியாயம்.

இதில் வரையும் முறை, கோடு போடுவதைவிட விதி எழுதுவதற்கு நெருக்கமானது. மைசூர்–பெங்களூரு சாலையில் உள்ள சென்னபட்டணாவின் மரப் பொம்மையை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் வெட்பாலை எனப்படும் மரத்தைக் கடைசலில் சுழற்றிச் செய்வது அது. ஃப்ரீகேடில் அதன் பாதி வெட்டுமுகத்தை மட்டும் ஸ்கெட்சாக வரைந்து, உயரம், கழுத்தின் விட்டம், அடியின் விட்டம் ஆகியவற்றை அளவுகளாகக் கட்டிவிட்டு, நடு அச்சைச் சுற்றி ஒரு சுற்றுச் சுழற்றினால் முழுப் பொம்மையும் எழும். கழுத்து 2 மில்லிமீட்டர் பருமனாக வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அளவுகளை ஃப்ரீகேடின் உள்ளேயே இருக்கும் அட்டவணையில் வைத்தால், சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒரே மாடலிலிருந்து எடுக்கலாம். இந்தப் பழக்கம் கைவர வேண்டுமானால் ஸ்கெட்சை முழுக்கக் கட்டுப்படுத்தும் ஒழுங்கைத் தொடக்கத்திலேயே கற்க வேண்டும்; தளர்வாக விட்ட ஸ்கெட்சுதான் பின்னால் மாடலைக் கெடுக்கிறது.

பட்டறைக்குப் பயன்படும் துணைக் கருவிகளும் இதற்கு நிறைய. தகடு வளைக்கும் வேலைக்கு ஷீட் மெட்டல் என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்தால், வளைத்த பிராக்கெட்டை விரித்துத் தட்டையான வெட்டுவடிவமாகத் தரும். வளைவில் தகடு நீளும் அளவைத் தன் மெஷினில் அளந்து அதற்குச் சொல்ல வேண்டும். மில்லிங் வேலைக்கான பாதையை வகுத்து ஜி கோடாக எழுதும் பிரிவும் உண்டு. அந்தக் கோடைப் புதிய மெஷினில் முதல் தடவை உலோகம் வைக்காமல் காற்றில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். காகித டிராயிங்குக்கு டெக்டிரா என்ற பிரிவு. இந்தியக் கல்லூரிகள் பின்பற்றும் எஸ்.பி 46 தரக் கையேடு முதல் கோண வீழலைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க வழக்கமோ மூன்றாம் கோணம். அமைப்பில் எது இருக்கிறது என்று பார்க்காமல் அச்சிட்டால் இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கமாகிவிடும், பாகமும் தலைகீழாகத் தயாராகும்.

ஃப்ரீகேட் பெரிதாகத் தோன்றினால் சால்வ்ஸ்பேஸ் இருக்கிறது. சில எம்.பி அளவுள்ள ஒற்றைக் கோப்பு, நிறுவவே வேண்டாம். எளிய பாகங்களுக்கும் இணைப்புக் கம்பிகளின் அசைவைச் சோதிக்கவும் அருமையானது. மாடலின் விளிம்புகளை மழுக்கும் ஃபில்லட் வசதி அதில் இல்லாததால் வார்ப்பட வேலைக்கு உதவாது.

நிரல் எழுதப் பிடித்தவருக்கு ஓப்பன்எஸ்கேட். அதில் சுட்டியால் வரைவது கிடையாது. வடிவத்தை வரிகளாக எழுத வேண்டும். புதுக் கணினியின் பலம் உண்மையாகவே தெரிவது இங்கேதான். 2021இல் வந்த நிலையான பதிப்பு பழைய கணக்கீட்டு நூலகத்தை ஒரே கோரில் ஓட்டுவதால், துளைகள் நிறைந்த மாடலுக்கு நிமிடக்கணக்கில் காக்க வைக்கும். பின்னர் வந்த வளர்ச்சிப் பதிப்புகளில் மேனிஃபோல்ட் என்ற புதிய நூலகம் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது; அதே மாடல் பெரும்பாலும் நொடிகளில் முடிந்துவிடும். 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வளர்ச்சிப் பதிப்பையே எடுக்கலாம். ஆனால் இதிலிருந்து வெளிவருவது முக்கோணங்களால் ஆன எஸ்.டி.எல் வகைக் கோப்பு. சி.என்.சி கடைக்காரர் கேட்கும் ஸ்டெப் கோப்பு நேரடியாகக் கிடைக்காது.

வீட்டுப் பிளான் வரைபவர்களின் சிக்கல் அலகில் தொடங்குகிறது. வீட்டுக்காரர் அடியில் பேசுவார், பொறியாளர் மில்லிமீட்டரில் எழுதுவார். ஃப்ரீகேடில் அடி, அங்குலத்தில் அளவைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும், காட்டும் அலகையும் மாற்றலாம். சுவர், கதவு, கூரை என்று பொருள்களாகக் கட்டும் பிரிவும் அதில் உள்ளது. கட்டடத் துறைக்கான பொது வடிவமான ஐ.எஃப்.சியில் அது சேமிக்கும். பெரிய கட்டடங்களுக்கு பிளெண்டருக்குள் இயங்கும் பான்சாய் இன்னும் ஆழமானது. அறைக்குள் சோபாவும் கட்டிலும் எங்கே பொருந்தும் என்று பார்க்க மட்டும் என்றால் ஸ்வீட் ஹோம் 3டி போதும், ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். அனுமதிக்கு இணையவழி விண்ணப்பிக்கும்போது எந்தக் கோப்பு வடிவம், எந்த லேயர் பெயர்கள் என்று அந்தந்த அமைப்பு வகுத்திருக்கும். வரையத் தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

இரும்புக் கட்டுமானத்தில் இந்தியாவிலேயே செய்த கருவி ஒன்று உள்ளது. மும்பை ஐ.ஐ.டியின் ஃபாஸ்ஸி திட்டத்தில் உருவான ஆஸ்டாக், ஐ.எஸ் 800:2007 விதிகளின்படி போல்ட், வெல்டு இணைப்புகளைக் கணக்கிட்டு, முப்பரிமாண மாடலையும் கணக்கு அறிக்கையையும் சேர்த்துத் தரும். இந்திய விதிநூலை மையமாக வைத்து எழுதிய திறமூலக் கருவி என்பதால் கட்டடப் பொறியாளர்களிடம் இது இன்னும் பரவலாகப் போய்ச் சேர வேண்டும்.

மின்னணு வேலைக்கு யோசனையே தேவையில்லை, கிகேட்தான். மைசூர் மின்னணுத் தொழில் வேரூன்றிய இடம். கேய்ன்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே, நஞ்சன்கூட்டில் ஏ.டி அண்டு எஸ் நிறுவனத்தின் சர்க்யூட் போர்டு ஆலை. 1992இல் பிரான்சில் ழான் பியர் ஷாரா தொடங்கிய கிகேட், 2013 முதல் சேர்ன் ஆய்வகத்தின் உழைப்பும் சேர்ந்து, தொழில்முறைக் கருவிகளோடு போட்டியிடும் நிலைக்கு வளர்ந்துவிட்டது. போர்டு செய்பவர்கள் எதிர்பார்க்கும் கெர்பர் கோப்புகளை அது நேரடியாகத் தரும். போர்டின் வடிவத்தை ஸ்டெப் ஆக எடுத்து ஃப்ரீகேடில் அதற்கான பெட்டியைச் சுற்றி வரையலாம். சர்க்யூட்டைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டுமென்றால், கிகேடையும் என்ஜிஸ்பைஸையும் இணைத்து அதே ஃபாஸ்ஸி திட்டம் செய்த ஈசிம் உண்டு. மும்பை ஐ.ஐ.டியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தளத்தில் திறமூலக் கருவிகளுக்கான காணொளிப் பாடங்கள் இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. தமிழும் கன்னடமும் அவற்றில் அடங்கும்.

எதைத் தேர்ந்தாலும் பதிவிறக்கம் அந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே நடக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகள் பல வேறெங்கோ கொண்டுபோகும். நிறுவியதும் பயிற்சிப் பாடத்தின் கனசதுரத்தோடு நிற்காமல், ஏற்கெனவே பட்டறையில் செய்து கொடுத்த ஒரு பாகத்தை முழுக்க வரைந்து பார்க்க வேண்டும்: நான்கு துளை, ஒரு மழுங்கிய விளிம்பு, அளவெழுதிய டிராயிங் தாள். அதை ஸ்டெப் ஆகவும் டி.எக்ஸ்.எஃப் ஆகவும் எடுத்து, வழக்கமாக வேலை கொடுக்கும் கடைக்காரரிடம் அனுப்பி, அவர் திரையில் திறந்து அளவைப் படித்துச் சொல்லக் கேட்க வேண்டும். அளவு பொருந்தினால் அந்த மென்பொருள் அந்தப் பட்டறைக்குப் பொருந்தும். பொருந்தாவிட்டால், அலகிலா ஏற்றுமதி அமைப்பிலா எங்கே தவறு என்று கண்டுபிடிக்க உண்மையான ஆர்டர் கையில் இல்லாத அந்த நேரமே ஏற்றது.

வேலை நடக்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு பாகத்துக்கும் மென்பொருளின் சொந்தக் கோப்போடு ஸ்டெப், பி.டி.எஃப் இரண்டையும் அதே அடைவில் சேமிப்பது நல்லது. ஸ்டெப் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 10303இல் அமைந்தது. வேறொரு முப்பரிமாண கேட் மென்பொருளுக்கு மாறினாலும் பெரும்பாலும் அந்த வடிவம் திறக்கும். ஆனால் ஸ்கெட்சும் அளவுகளும் அதில் வராது, ஆகவே சொந்தக் கோப்பை அழித்துவிடக் கூடாது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு சரியாகத் திறக்காமல் போகலாம் என்பதால், நடுவில் இருக்கும் ஒரு ஆர்டர் முடியும்வரை பதிப்பை மாற்றாமல், வரைந்த பதிப்பின் நிறுவியையும் ஒரு வெளிவட்டில் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.